விடுமுறைப் பயணத்தில் விசுவாசப் பாடம் தேடுவது எப்படி?

கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில், பல சபைகளின் வாலிபர் கூட்டத்திலும் வீட்டு ஜெபக் கூட்டத்திலும் ஒரு கேள்வி வரும். "லீவுக்குப் போய் வந்தீர்களே, கர்த்தர் அங்கே என்ன கற்றுக்கொடுத்தார்? யாராவது சாட்சி சொல்லுங்கள்." கொஞ்ச நேரம் எல்லாரும் தரையைப் பார்ப்பார்கள். அப்புறம் ஒருவர் எழுந்து, மலையைப் பார்த்தேன், தேவன் எவ்வளவு பெரியவர் என்று நினைத்தேன் என்பார். அடுத்தவர் கடலைப் பார்த்து அதையே நினைத்திருப்பார். இரண்டும் உண்மைதான். ஆனால் அதைச் சொல்ல கொடைக்கானல் வரை போயிருக்க வேண்டியதில்லை. வீட்டில் தொங்குகிற காலண்டரின் மலைப் படமே போதும்.

இதைத் தாண்டி ஏதாவது பார்க்க வேண்டும், பார்த்ததைக் குடும்ப ஜெபத்திலோ சபைப் பத்திரிகையிலோ சொல்ல வேண்டும் என்று முதன்முறையாக நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரிய வேத அறிவு தேவையில்லை. ஒரு சின்ன நோட்டு, கொஞ்சம் பொறுமை, பக்கத்தில் இருப்பவர்களைப் பார்க்கிற கண் ஆகியவை இருந்தால் போதும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயணத்தின்போது பாடத்தைத் தேடாதீர்கள். லூக்கா 24-ஆம் அதிகாரத்தில் எம்மாவுக்கு நடந்துபோன இரண்டு பேருக்கும் தங்களோடு நடந்து வந்தவர் யார் என்று வழி முழுக்கத் தெரியவில்லை. அப்பம் பிட்கும்போதுதான் கண் திறந்தது. அதற்கப்புறம்தான், "வழியிலே அவர் நம்முடனே பேசி"யபோது நம் இருதயம் எரியவில்லையா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். வழியில் அவர்கள் செய்தது நடந்தது, மனதில் இருந்ததை மறைக்காமல் பேசியது, பொழுது சாய்ந்ததும் கூட வந்தவரைத் தங்கச் சொன்னது, அவ்வளவுதான். நாமும் வழியில் அவ்வளவு செய்தால் போதும். பாடம் திரும்பிப் பார்க்கும்போது வரும்.

கிளம்புவதற்கு முன்

நம் வீடுகளில் வெளியூர் கிளம்பும்போது 121-ஆம் சங்கீதம் வாசித்து, "கர்த்தர் உன் போக்கையும் உன் வரத்தையும் இதுமுதற்கொண்டு என்றைக்குங் காப்பார்" என்று முடித்து ஜெபம் பண்ணுவது பழைய வழக்கம். நல்ல வழக்கம். ஆனால் அதோடு வேதத்தை மூடிப் பையில் வைத்துவிடுகிறோம். 121-க்கு முன்னும் பின்னும் பாருங்கள். 120 முதல் 134 வரை பதினைந்து சங்கீதங்களுக்கும் ஆரோகண சங்கீதம் என்றுதான் தலைப்பு. எருசலேமுக்குப் பண்டிகைக்கு ஏறிப்போகிறவர்கள் பாடியவை என்று இவற்றைச் சொல்வார்கள். பெரும்பாலும் குட்டிச் சங்கீதங்கள், 134-இல் மூன்றே வசனம். தினம் காலையில் ஒன்று வாசித்தால் ஒரு விடுமுறைக்குத் தாராளமாக வரும்.

இவற்றில் மலையழகைப் பற்றிய வர்ணனை குறைவு. பிறர் செய்யும் நிந்தை, தப்பிப் பிழைத்த நடுக்கம், நித்திரை, சாப்பாட்டுப் பந்தியைச் சுற்றி உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் என்று பயணத்தில் மனிதருக்கு வருகிற எண்ணங்களே நிறைய. "சகோதரர் ஒருமித்து வாசம்பண்ணுகிறது எத்தனை நன்மையும் எத்தனை இன்பமுமானது" என்கிற 133-ஐ, எட்டுப் பேர் ஒரே லாட்ஜ் அறையில் தங்கி ஒரே குளியலறைக்குக் காத்திருக்கிற காலையில் வாசித்துப் பாருங்கள். வீட்டில் வாசிப்பதைவிட வேறு மாதிரி கேட்கும்.

நோட்டு சட்டைப் பையில் அடங்குகிற அளவில் இருக்கட்டும். போனிலும் எழுதலாம், ஆனால் போனை எடுத்தால் எழுதுவதற்குள் நான்கு வாட்ஸ்அப் செய்தி வந்துவிடும்.

வண்டி நிற்கும்போது

பயணத்தில் பாதி நேரம் காத்திருப்புதான். 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் வெளி வாகனங்கள் இ-பாஸ் எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவு அது. சீசனில் சோதனைச் சாவடியில் வண்டி நிற்கும், கொண்டை ஊசி வளைவில் நிற்கும், ஊருக்குள் போனபின் ஏரிச் சாலையிலும் நிற்கும்.

இங்கே பலருக்கும் எண்ணாகமம் 22 நினைவுக்கு வரும். பிலேயாமின் கழுதை வழியில் நின்றுவிடுகிறது. எதிரே தூதன் நிற்பது கழுதைக்குத் தெரிகிறது, தீர்க்கதரிசிக்குத் தெரியவில்லை. உடனே, இந்தத் தடையும் தேவன் வைத்த தடை என்று சொல்ல ஆசை வரும். அவசரப்பட வேண்டாம். ஒவ்வொரு டிராஃபிக் ஜாமிலும் ஒரு தூதன் நிற்பதில்லை. பெரும்பாலும் முன்னால் ஒரு பஸ் திரும்ப முடியாமல் நிற்கும்.

அந்தக் கதையில் நமக்கு இன்னும் நெருக்கமான ஓர் இடம் இருக்கிறது. வழி அடைத்ததும் பிலேயாம் யாரை அடித்தான்? தன்னைச் சுமந்துவந்த கழுதையை. மூன்று தரம். வண்டி நிற்கும்போது நாம் யாரிடம் எரிந்து விழுகிறோம் என்று கவனியுங்கள். ஓட்டுநர், காலையில் எல்லாருக்கும் முன்னால் எழுந்து புளிசாதம் கட்டிய அம்மா, சாவடியில் வெயிலில் நிற்கிற பையன். நம்மைச் சுமக்கிறவர்களிடம்தான். இதை அன்றிரவு நோட்டில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள், வசனம் போட வேண்டாம்: "சாவடியில் நின்றபோது நான் யாரைத் திட்டினேன்."

போன இடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லாரும் தாண்டிவிடுகிறார்கள். இடத்தின் கதை தெரியாமல் எழுதுகிற தியானம் எந்த ஊருக்கும் பொருந்தும். அதனாலேயே எந்த ஊரையும் சொல்லாது.

கொடைக்கானலையே எடுத்துக்கொள்வோம். ஏரிக்கரையில் நின்று, தேவன் படைத்த இந்த ஏரியைப் பாருங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லாத கிறிஸ்தவத் தகப்பன் குறைவு. அந்த ஏரி 1863-இல் மதுரைக் கலெக்டராக இருந்த வெரே லெவிஞ்ச் ஓடைகளை மறித்து உண்டாக்கியது. மலையேறும்போது நாம் நின்று படம் எடுக்கிற வெள்ளி நீர்வீழ்ச்சியில் விழுவது அந்த ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர். பைன் காட்டு மரங்களும் நட்டு வளர்த்தவை. இந்த மலைக்குச் சொந்தமானவை சோலைக் காடும் புல்வெளியும்தான். புல்வெளியில் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குறிஞ்சி பூக்கும். கடைசியாக 2018-இல் பூத்தது, அடுத்தது 2030.

இதெல்லாம் தெரிந்தால் பக்தி குறையும் என்று நினைக்க வேண்டாம். உண்மைக்கு முன்னால் குறைகிற பக்தி எப்படியும் ரொம்ப நாள் நிற்காது. காட்டுப் புஷ்பங்கள் எப்படி வளருகிறதென்று கவனித்துப்பாருங்கள் என்று இயேசு சொன்னார். பூவைப் பார்த்து உடனே ஒரு கருத்துச் சொல்லச் சொல்லவில்லை. பன்னிரண்டு ஆண்டில் ஒரே பருவம் பூக்கிற ஒன்றை அவர் சொன்னபடி கவனிக்கப் போனால், பூக்காத பதினோரு ஆண்டும் அது என்ன செய்கிறது என்ற கேள்வி வரும். சும்மா பச்சைச் செடியாக நிற்கிறது, ஒருவரும் அதைப் படம் எடுப்பதில்லை. அந்தக் கேள்வியோடு வீட்டுக்கு வந்தால் போதும்.

கொடைக்கானலுக்குக் கிறிஸ்தவர்களோடு இருக்கிற உறவும் நம்மில் பலருக்குத் தெரியாது. இந்த ஊர் சுற்றுலாத் தலமானதே மிஷனெரிகளால்தான். 1834-இல் தொடங்கிய அமெரிக்க மதுரை மிஷனில் அடுத்தடுத்துச் சாவு. காய்ச்சலும் காலராவும் பெரியவர்களையும் பிள்ளைகளையும் கொண்டுபோயின. முதலில் சிறுமலையில் இடம் பார்த்தார்கள்; அங்கேயும் காய்ச்சல் விடவில்லை. கடைசியில் பழனி மலையின் மேலே ஏறி 1845-இல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். தொடக்கத்தில் அவர்களுக்கு ஓய்வு என்பது சாகாமல் இருப்பதற்கான வழியாகத்தான் இருந்தது. திருநெல்வேலியின் கால்டுவெல் ஐயர் 1891-இல் இறந்ததும் கொடைக்கானலில்தான். அவர் உடலைக் கீழே கொண்டுவந்து இடையன்குடியில் அவர் கட்டிய ஆலயத்தில் அடக்கம் பண்ணினார்கள்.

ஓய்வு என்றால் ஊழியத்துக்கு இடைஞ்சல், சுற்றுலா என்றால் கொஞ்சம் பாவம் என்று ஓர் எண்ணம் நம் சபைகளில் இன்னும் இருக்கிறது. மாற்கு 6-இல் சீஷர்களுக்குச் சாப்பிடக்கூட நேரமில்லாதபோது, "தனித்துச் சற்றே இளைப்பாறும்படி போவோம் வாருங்கள்" என்று அழைத்தவர் இயேசுதான். படகில் தலையணை வைத்துத் தூங்கியவரும், நடந்த களைப்பில் சமாரியாவின் கிணற்றருகே உட்கார்ந்தவரும் அவர்தான். ஆகவே லாட்ஜில் மத்தியானம் தூங்கியதற்காக யாரும் வருத்தப்பட வேண்டாம்.

அந்த ஓய்வை யார் சுமந்தார்கள்?

இனி வருவதுதான் இந்தக் கட்டுரையில் எனக்கு முக்கியமான பகுதி.

வண்டிச் சாலை வருவதற்கு முன் அந்த மிஷனெரிக் குடும்பங்கள் மலைக்கு எப்படிப் போயின? அடிவாரத்திலிருந்து ஏறுகிற ஒற்றையடிப் பாதையில் சிலர் நடந்தார்கள், சிலர் குதிரையில் போனார்கள். பெண்களும் பிள்ளைகளும் நோயாளிகளும் டோலியில் போனார்கள். டோலியைத் தூக்கியவர்கள் நம் ஊர் ஆட்கள். மேலே ஏறிய ஒவ்வொரு பெட்டியும் கட்டிலும் ஒருவர் தலையிலோ தோளிலோதான் ஏறியது. மிஷனெரிகளின் பெயர் கல்லறையிலும் ஆலயச் சுவரிலும் இருக்கிறது. தூக்கியவர்களின் பெயர் எங்கேயும் இல்லை.

இன்று டோலி இல்லை, டெம்போ டிராவலர் இருக்கிறது. இரவெல்லாம் ஓட்டிக்கொண்டு வந்த ஓட்டுநர் எங்கே தூங்குகிறார்? பெரும்பாலும் வண்டியிலேயே, மலைக் குளிரில், சீட்டைச் சாய்த்துக்கொண்டு. தங்கும் விடுதிகள் ஓட்டுநர்களுக்கென்று தங்கும் கூடம் வைக்க வேண்டும் என்று 2023-இல் தமிழ்நாட்டின் கட்டட விதிகளில் சேர்த்தார்கள். அரசு விதி போட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. உபாகமம் 5:14-இல் அது முன்பே இருந்தது: ஓய்வுநாள் எதற்கென்றால், "உன் வேலைக்காரனும் உன் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாறும்படிக்கு." உன்னைப்போல என்கிறது வசனம். நீ இளைப்பாறி முடித்தபிறகு மீதி இருந்தால் என்று சொல்லவில்லை.

ஆகவே செய்ய வேண்டியவை இவை. கிளம்பும்போது ஓட்டுநரின் பெயரைக் கேட்டு அந்தப் பெயரால் கூப்பிடுங்கள். பயண ஜெபத்தில் அவர் பெயரையும் அவர் வீட்டையும் சேருங்கள். அவர் எந்த மதமானாலும் தன் பிள்ளைகளுக்காக யாராவது வேண்டிக்கொள்வதை வேண்டாம் என்று சொல்ல மாட்டார். அறை பதிவு செய்யும்போதே ஓட்டுநர் தங்க இடம் உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் அவருக்கும் ஓர் அறைக்கான செலவைப் பயணக் கணக்கில் எழுதுங்கள். "அண்ணே, இன்னொரு பாயிண்ட் பார்த்துடலாம்" என்று இரவில் அவரை இழுக்காதீர்கள். இவ்வளவும் செய்த பிறகு உபாகமம் ஐந்தாம் அதிகாரத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுத வேண்டாம் என்று தோன்றினால், எழுதாமலே விட்டுவிடலாம். பாடம் நடந்துவிட்டது.

லாட்ஜில் துணி துவைக்கிறவர், படகு மிதிக்கச் சொல்லித் தருகிற பையன், பேருந்து நிலையக் கழிப்பறையைக் கழுவுகிற அம்மா என்று இதே கண்ணோடு மற்றவர்களையும் பார்க்கலாம். எல்லாரிடமும் போய்ப் பேச வேண்டியதில்லை. சில்லறையை விட்டெறியாமல் கையில் கொடுப்பதே தொடக்கத்துக்குப் போதும்.

பிள்ளைகள் கூட வந்தால்

பிள்ளைகளிடம் "இதிலிருந்து என்ன பாடம் கற்றாய்?" என்று கேட்டால் ஞாயிறு பள்ளிப் பதில் வரும். "இன்னைக்கு என்ன பார்த்தே, யாரைப் பார்த்தே?" என்று கேளுங்கள். குதிரைக்காரரின் செருப்பு அறுந்திருந்தது என்பார்கள். அதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

குடும்பப் பயணத்துக்கென்றே ஒரு வேதபகுதி வேண்டுமென்றால் லூக்கா 2-இன் கடைசிப் பகுதியை எடுங்கள். பஸ்கா பண்டிகை முடிந்து குடும்பம் ஊர் திரும்புகிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை கூட வரவில்லை. "பிரயாணக்காரரின் கூட்டத்திலே" இருப்பார் என்று நினைத்துக்கொண்டு யோசேப்பும் மரியாளும் ஒருநாள் தூரம் வந்துவிட்டார்கள். மூன்று நாளைக்குப் பின்புதான் தேவாலயத்தில் கண்டுபிடிக்கிறார்கள். வேளாங்கண்ணித் திருவிழாவிலோ கன்னியாகுமரிக் கடற்கரையிலோ, காணாமல் போன பிள்ளையின் சட்டை நிறத்தை ஒலிபெருக்கியில் சொல்வதைக் கேட்டவர்களுக்கு அந்தத் தாயின் வயிறு எப்படிக் கலங்கியிருக்கும் என்று புரியும். சித்தப்பா வண்டியில் ஏறியிருப்பான் என்று சித்தப்பாவும், அப்பா வண்டியில் இருப்பான் என்று அப்பாவும் நினைக்கிற குடும்பங்கள் இன்றும் உண்டு. இரண்டு வண்டியில் போனால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலையை எண்ணுங்கள். இதில் ஆவிக்குரிய அர்த்தம் தேட வேண்டாம், எண்ணினால் போதும். விசுவாசத்தையும் இப்படித்தான், கூட்டத்தில் எங்கேயோ இருக்கும் என்று நினைத்துக்கொண்டே நடக்கிறோமா என்ற கேள்வி, பிள்ளைகள் தூங்கியபின் தானாக வரும்.

மிஷனெரி ஊர்களுக்குப் போகிறவர்கள்

தரங்கம்பாடி, டோனாவூர், இடையன்குடி, மணப்பாடு என்று சபைச் சுற்றுலா போகிறவர்கள் இப்போது அதிகம். ஒரே நாளில் ஏழு இடம் பார்க்கிற திட்டத்தில் போனால் கல்வெட்டுகளை மட்டும் படம் எடுத்துவிட்டு வருவீர்கள். இரண்டு இடம் போதும்.

போன இடத்தில், அந்த மனிதர் செய்த பெரிய காரியத்தைத் தேடாமல் அவருடைய சாதாரணமான ஒரு நாளைத் தேடுங்கள். டென்மார்க் ராஜா அனுப்பிய ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்க் 1706 ஜூலை 9-இல் தரங்கம்பாடியில் இறங்கினார். 1715-இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சானது, 1718-இல் புதிய எருசலேம் ஆலயம் எழும்பியது, அடுத்த ஆண்டே 36 வயதில் இறந்துபோனார். இது எல்லாப் பலகையிலும் இருக்கும். அவர் தமிழ் படித்த விதத்தைக் கேட்டுப் பாருங்கள். ஓர் உள்ளூர் வாத்தியாரைப் பள்ளியோடு தன் வீட்டுக்கு வரவழைத்து, பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்து மணலில் எழுதிப் படித்தார். அவரைச் சில மாதம் சிறையில் வைத்ததும் நம் ஊர் ராஜா இல்லை, அவரை அனுப்பிய டேனிஷ்காரர்களின் கோட்டைத் தளபதிதான். ஆலயத்தைப் பார்த்துவிட்டு டேன்ஸ்போர்க் கோட்டை வரை நடந்தால், இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு கொஞ்ச தூரம் என்பது காலுக்குத் தெரியும்.

டோனாவூரில் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய மிஷனெரி ஏமி கார்மைக்கேலின் கல்லறையில் பெரிய கல் எதுவும் இல்லை. பறவைகள் தண்ணீர் குடிக்கிற ஒரு கல் தொட்டி இருக்கிறது, அதில் "அம்மா" என்று எழுதியிருக்கிறது. 1895-இல் இந்தியா வந்தவர், 1951-இல் இறக்கும்வரை ஒருமுறைகூடச் சொந்த நாட்டுக்குத் திரும்பவில்லை. அங்கே போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அந்த இல்லம் இன்றும் பிள்ளைகள் வாழ்கிற வீடு. முன்கூட்டியே அனுமதி கேட்டுப் போங்கள், பிள்ளைகளைப் படம் எடுக்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை வெளியூரில் இருந்தால் அங்கே ஏதாவது ஓர் ஆலயத்துக்குப் போங்கள். உங்கள் சபைப் பிரிவாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. யாருக்கும் உங்களைத் தெரியாது, எந்த வரிசையில் உட்காருவது என்று தெரியாது, பாட்டு வேறு ராகத்தில் போகும். உங்கள் சபைக்குப் புதிதாக வருகிறவர் ஒவ்வொரு வாரமும் படுகிற பாடு அதுதான். ஊர் திரும்பிய முதல் ஞாயிறு வாசலில் நிற்கிற புது முகத்திடம் போய் உட்கார இடம் காட்டுங்கள்.

இரவு நோட்டு

படுக்கப் போகும்முன் ஐந்து நிமிடம். என்ன நடந்தது, யார் இருந்தார்கள், எனக்கு உள்ளே என்ன ஆனது என்று எழுதுங்கள். கோபம், பொறாமை, சலிப்பு எல்லாவற்றையும் எழுதலாம். யாரும் படிக்கப் போவதில்லை. வசனம் மட்டும் இப்போது எழுத வேண்டாம். வசனம் எழுதிவிட்டால் மனது அந்த நிகழ்ச்சியை முடித்து மூடிவிடும்.

வீட்டுக்கு வந்த பிறகு

துணியெல்லாம் துவைத்துக் காய்ந்து, ஒரு வாரம் கழித்து நோட்டை எடுங்கள். பெரும்பாலான வரிகள் செத்திருக்கும். ஒன்றிரண்டு இன்னும் குத்தும். குத்துகிறதை எடுங்கள். எப்படி என்று காட்ட ஒரு மாதிரி நோட்டு:

"எழும்பூரிலிருந்து நெல்லை எக்ஸ்பிரஸ். ஆர்.ஏ.சி., சைடு லோயர். அதே படுக்கைக்குக் கூட ஒரு பெரியவர். திருச்சி வரை இரண்டு பேரும் உட்கார்ந்தே வந்தோம். 'தம்பி, நீங்க காலை நீட்டுங்க, எனக்கு எப்படியும் தூக்கம் வராது' என்றார். படுத்தேன். கோவில்பட்டியில் விழித்தபோது அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார்."

இதை வைத்துப் புதிதாக எழுதுகிறவர் முதலில் எழுதுவது: நாமும் பிறருக்கு இடம் கொடுக்க வேண்டும், பிலிப்பியர் 2:4. தப்பில்லை. ஆனால் நோட்டில் இடம் கொடுத்தவர் எழுதியவரே அல்ல. அவர் வாங்கிக்கொண்டவர். இரண்டாவதாக எழுதுவது: தேவன் அந்தப் பெரியவர் மூலமாக எனக்குத் தூக்கம் தந்தார். இதிலும் பெரியவர் காணாமல் போகிறார், ஒரு கருவியாகிவிடுகிறார்.

இன்னொரு முறை நோட்டைப் படியுங்கள். "எனக்குத் தூக்கம் வராது" என்று அவர் சொன்னது உண்மையா? அந்த வயதில், இரவு ஒரு மணிக்கு? இல்லையென்று கேட்டவருக்கும் தெரியும். நம்புவது வசதியாக இருந்ததால் நம்பினார். குத்துகிற இடம் அதுதான். இனி வேதத்தில் எங்கே போவது? அப்போஸ்தலர் 28. கப்பல் உடைந்து, இருநூற்றெழுபத்தாறு பேரும் நனைந்து மெலித்தா தீவில் கரையேறுகிறார்கள். "அந்நியராகிய அந்தத் தீவார் எங்களுக்குப் பாராட்டின அன்பு கொஞ்சமல்ல" என்று லூக்கா எழுதுகிறார். மழைக்கும் குளிருக்கும் தீ மூட்டி எல்லாரையும் சேர்த்துக்கொண்டார்கள். அவர்கள் விசுவாசிகள் அல்ல. பவுலும் அந்தத் தீயில் குளிர்காய்ந்தார், விறகும் பொறுக்கிக் கொண்டுவந்து போட்டார். வாங்கிக்கொண்டதை மறைக்காமல் எழுதி வைத்ததால்தான் நமக்கு அந்தத் தீவாரின் அன்பு தெரிகிறது.

இப்போது எழுத வேண்டியது சின்ன விஷயம்: ஒரு பெரியவர் எனக்காக ஒரு ராத்திரி உட்கார்ந்திருந்தார், பெயர்கூடக் கேட்கவில்லை. அதோடு ஒரு செயல். அடுத்த முறை கீழ்ப் படுக்கை கிடைத்து, மேலே ஏற முடியாத ஒருவர் வந்து நின்றால், அவர் கேட்பதற்கு முன் எழுந்திருப்பது.

நிகழ்ச்சி, குத்துகிற இடம், அதற்கு முகம் கொடுக்கிற வேதபகுதி, ஒரு செயல் என்பதுதான் வரிசை. வசனத்தை முதலில் வைத்துக்கொண்டு அதற்கு நிகழ்ச்சி தேடினால் எப்போதும் பொய் கலக்கும்.

இவற்றில் கவனமாக இருங்கள்

நாங்கள் தவறவிட்ட பஸ் விபத்துக்குள்ளானது, கர்த்தர் எங்களைக் காப்பாற்றினார் என்ற சாட்சியை எல்லாரும் கேட்டிருப்போம். தப்பியவர் நன்றி சொல்லட்டும், முழங்காலில் நின்று அழட்டும். மைக்கைப் பிடிக்கும்முன் மட்டும் ஒன்றை யோசிக்கட்டும். அந்தப் பஸ்ஸில் இருந்தவர்களின் வீட்டிலும் 121-ஆம் சங்கீதம் வாசித்துத்தான் அனுப்பியிருப்பார்கள். சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று இயேசு கேட்டார். இல்லை என்று பதிலையும் அவரே சொன்னார். செத்தவர்களின் தாய் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தால் நீங்கள் எப்படிச் சொல்வீர்களோ அப்படிச் சொல்லுங்கள்.

ரோட்டோரக் குடிசையைப் பார்த்து, நாம் எவ்வளவு ஆசீர்வதிக்கப்பட்டிருக்கிறோம் என்று பிள்ளைகளுக்குச் சொல்வதும் இதே மாதிரிதான். லூக்கா 18-இல் தேவாலயத்தில் நின்று, மற்ற மனுஷரைப்போல் நான் இல்லை என்று ஸ்தோத்திரம் பண்ணினவன் பரிசேயன். பழனி அடிவாரத்தில் காவடி எடுத்துப் போகிறவர்களைப் பார்த்து வண்டிக்குள் கேலி பேசுவதும் அதோடு சேர்ந்ததுதான். வெறுங்காலில் எத்தனை நாள் நடந்து வந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு மாறும்.

பார்க்கிங் கிடைத்தது, மழை நின்றது போன்றவற்றுக்கு நன்றி சொல்வதோடு விட்டுவிடலாம். சாட்சிக்கு வேண்டாம்.

கூட்டத்தில் சொல்லும்போது

மூன்று நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். "நாங்க குடும்பமா கொடைக்கானல் போயிருந்தோம், காலைல அஞ்சு மணிக்குக் கிளம்பினோம்" என்று தொடங்காமல் நடந்த இடத்துக்கு நேராகப் போங்கள். வேதபகுதியை ஒருமுறை வாசியுங்கள், விளக்க வேண்டாம். சபைப் போதகரான ஐயர் இருக்கிறார், அவர் விளக்குவார். "ஆகவே பிரியமானவர்களே, நாமும்" என்று நாக்கு நுனியில் வரும்போது நிறுத்திவிட்டு உட்காருங்கள். கேட்டவர்கள் மீதியை வீட்டுக்குக் கொண்டுபோகட்டும்.

எழுதிக் கொடுப்பதானால் வழியில் சந்தித்தவர்களின் பெயரையும் ஊரையும் மாற்றிவிடுங்கள். இன்னொன்று: சோதனைச் சாவடியில் உங்கள் மனைவியோ கணவரோ கோபப்பட்ட கதையைச் சொல்லப்போகிறீர்கள் என்றால், கூட்டத்துக்குப் போகும்முன் வீட்டிலேயே அவரிடம் கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால், நீங்கள் கோபப்பட்ட கதையைச் சொல்லுங்கள்.